தனபாலின் பின்சக்கரத்து டயர்

போன மாதம், நான் வேலை பார்த்த சைக்கிள் கடையிலிருந்து போன் வந்தது. இப்போது அங்கே வேலை பார்க்கும் இருவரில் மூத்தவரான செந்தில் பேசினார்.

"அண்ணே, ஒரு டயரு வந்துருக்கு. பக்கவாட்டுல வெடிப்பு. மாத்துங்கன்னா கேக்கமாட்டேங்கறாரு, ஒட்டிக் குடுன்னு நின்னுகினு இருக்காரு. என்ன பண்றது?"

"என்ன ஏத்தறாரு, எவ்ளோ தூரம் போறாரு?"

"அதெல்லாம் கேக்கலண்ணே."

கேட்டுவிட்டுக் கூப்பிடச் சொல்லிப் போனை வைத்தேன். கொஞ்சம் கடுப்பாகத்தான் வைத்தேன். அரை மணி கழித்து அவரே மறுபடி கூப்பிட்டு, "எப்ப ஒட்டணும், எப்ப மாத்தணும்னு ஒரு தாள்ல எழுதிக் குடுத்துடுங்கண்ணே, செவுத்துல ஒட்டிக்கறோம்" என்றார். சுவரில் ஒட்ட அரைப் பக்கம் போதும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். ஆனால் தனபாலை விட்டுவிட்டு டயரைப் பற்றி மட்டும் எழுத எனக்கு வரவில்லை. சுவர் தாங்காது, படித்துவிட்டு மடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மந்தாரக்குப்பம் மெயின் ரோட்டில் கரீம் பாய் கடையில் சேர்ந்தேன். அதற்கு முன் நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலைக்கு அலைந்தவன். ஒரு மாதம் வேலை, இரண்டு மாதம் வீடு என்று போய்க்கொண்டிருந்தது. பாய் கடையில் முதல் ஆறு மாதம் காற்றடித்தேன். அடுத்த ஆறு மாதம் வீல் கழற்றினேன். அதற்குப் பிறகு முட்டி இரண்டும் மடங்க மறுத்து வீட்டுக்கு வந்த நாள் வரை ஒரே கடை, ஒரே தண்ணீர்த் தொட்டி.

மைன்ஸ் டவுன்ஷிப்பில் பர்மனென்ட் ஆட்களிடம் ஸ்கூட்டர் வந்துவிட்ட காலம் அது. எங்களுக்குச் சோறு போட்டவர்கள் கான்ட்ராக்ட் ஆட்கள், பால்காரர்கள், பிளாக் பிளாக்காகக் காய் விற்றவர்கள். முதல் ஷிப்டுக்கு ஆறு மணிக்குள் கேட்டில் நிற்க வேண்டியவர் ஐந்தேகாலுக்கு வீலைத் தூக்கிப் பிடித்தபடி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவார். அவர் முகத்தைப் பார்த்தால் பஞ்சர் டயரிலா ஆளிலா என்று சந்தேகமாக இருக்கும்.

வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. லீவரை இரண்டு இடத்தில் கொடுத்து டயரின் ஒரு பக்கத்தை விளிம்புக்கு வெளியே தள்ளி, டியூபை உருவி, காற்றடித்து, தொட்டியில் பகுதி பகுதியாக அமுக்கிக் குமிழி வரும் இடத்தைப் பிடிக்க வேண்டும். ஈரத்தைத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது பளபளப்பு போய் மங்கும் வரை காத்திருந்து பேட்ச் ஒட்ட வேண்டும். காத்திருக்கும் அந்த இரண்டு நிமிடத்தில் டயரைப் பார்க்க வேண்டும். பல பேர் பார்ப்பதில்லை. உள்ளே விரலை விட்டு ஒரு சுற்று தடவினால் கருவேல முள்ளோ லாடத்து ஆணியோ கையில் படும். டயரின் கதையும் கையில் படும். மேல் ரப்பர் தேய்ந்திருந்தால் பயமில்லை. உள்ளே நூல் அறுந்திருந்தால்தான் யோசிக்க வேண்டும். நூல் அறுந்த இடத்தில் பழைய டயரிலிருந்து ஒரு துண்டை வெட்டி உள்பக்கமாக வைப்பது வழக்கம். துண்டின் ஓரத்தை வெற்றிலைபோல மெலிதாகச் சீவ வேண்டும். அப்படி ஒன்று அங்கே இருப்பதே டியூபுக்குத் தெரியக் கூடாது என்பார் பாய்.

பாய்க்கு ஒரு பழக்கம். டயரைத் தொடுவதற்கு முன் ஆளிடம் இரண்டு கேள்வி கேட்பார். எங்கே போகிறீர்கள், என்ன ஏற்றுகிறீர்கள். தினமும் வருகிறவரிடமும் கேட்பார். "நேத்துதான பாய் சொன்னேன்" என்று சலித்துக்கொள்வார்கள். "நேத்து நேத்தோட போச்சு, இன்னிக்கி சொல்லுங்க" என்பார். ஆபீஸ் பையோடு ஆபீஸுக்குப் போகிறவருக்கு ஒட்டிக் கொடுக்கும் அதே டயரை, மூட்டை ஏற்றுகிறவருக்கு ஒட்ட மாட்டார்.

இன்னொன்று, மாற்ற வேண்டும் என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. நாலு பேர் நிற்கும் இடத்தில் ஒருவரிடம் உன் டயர் செத்துவிட்டது என்று சொல்வது அவருக்கு ஆகாது. அந்த ஆளைக் கொஞ்சம் ஓரமாகக் கூப்பிட்டு, அவருடைய விரலையே பிடித்து டயருக்குள் விட்டு, "என்ன படுது?" என்று கேட்பார். வந்தவர் தடவிப் பார்ப்பார். கொஞ்ச நேரம் கழித்து, "மாத்திடுங்க பாய்" என்று அவரே சொல்வார். மற்றபடி பாய் முன்கோபி. பம்ப்மேல் யாராவது உட்கார்ந்தால் போதும், அன்றைய நாள் கெட்டது.

தனபால் வடக்குத்துக்காரர். என் வயதுதான். மூன்று மாடு வைத்துக்கொண்டு, டவுன்ஷிப்பில் இரண்டு பிளாக்குகளுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார். கோடையில் ஒரு சனிக்கிழமை, பொழுது சாய்கிற நேரத்தில் எங்கள் கடைக்கு வந்தார். மந்தாரக்குப்பத்தில் தனியாகத் தங்கி வேலை பார்க்கிறவர்களுக்காக நடந்த ஒரு மெஸ்ஸில் பால் ஊற்றப் பேசி முடித்துவிட்டு நேராக வந்திருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"லூர்து, திங்கக்கெழமலேர்ந்து அஞ்சரைக்கு டாண்ணு வரணும்னாரு மெஸ்காரரு. ஒரு வாரம் பாப்பாராம். ஒரு நாளு லேட்டானாலும் பாக்கெட் பாலுக்கே போயிடுவேன்னாரு."

அந்த மெஸ் அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். மூன்று மாட்டில் ஒன்று சினையாக இருந்து பால் வற்றியிருந்தது. கன்று போடும் வரை அதற்குத் தீனி வாங்கி மாளாது என்று விற்க ஆள் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி அஞ்சலை அந்த மாட்டைக் கன்றுக்குட்டியிலிருந்து வளர்த்தவர். விற்கிற பேச்சு எடுத்ததிலிருந்து வீட்டில் அவரோடு பேச்சே இல்லை. மெஸ் நிலைத்தால் மாடு வீட்டில் நிற்கும். இல்லாவிட்டால் அடுத்த சந்தையில் போய்விடும்.

பின்சக்கரத்தில் காற்று கம்மியாக இருக்கிறது என்றுதான் காட்டினார். கழற்றிப் பார்த்தேன். பிரேக் கட்டை உரசி உரசி டயரின் பக்கவாட்டில் இரண்டு விரல் நீளத்துக்கு நூல் அறுந்து, டியூப் லேசாகப் புடைத்துக்கொண்டிருந்தது. லோடு வண்டி. மாற்ற வேண்டிய டயர். சந்தேகமே இல்லை.

பாய் தன் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குப் பரங்கிப்பேட்டை போயிருந்தார். கடையில் அந்த அளவு டயர் தீர்ந்திருந்தது. பக்கத்துக் கடையிலும் இல்லை. விருத்தாசலத்திலிருந்து திங்கட்கிழமை மதியம்தான் சரக்கு வரும். தனபாலுக்குத் திங்கட்கிழமை விடியற்காலையில் வண்டி வேண்டும்.

"எதுனா பண்ணு லூர்து. நீ பண்ணா நிக்கும்" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைக் கெடுத்தது. பாய் இல்லாத கடை, என்னை நம்பி ஒரு ஆள். கடைக்குள் ஒரு மூலையில், மைன்ஸில் கரி சுமக்கும் கன்வேயர் பெல்ட்டின் துண்டு ஒன்று கிடந்தது. எங்கள் ஊரில் அந்தப் பெல்ட் இல்லாத வீடு குறைவு. தேய்ந்து ஏலத்தில் போனது பழைய இரும்புக் கடைக்கு வரும். வாங்கி வாசலில் மிதியடியாகப் போடுவார்கள், மாட்டுத் தொழுவத்தில் விரிப்பார்கள், செருப்புக்கு அடி தைப்பார்கள். ராத்திரி பகலாக மலை மலையாகக் கரி சுமந்த பெல்ட், இரண்டு கேன் பாலைத் தாங்காதா என்று யோசித்தேன். டயர் துண்டைவிட இது பத்து மடங்கு கெட்டி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெல்ட்டுக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவனுக்குத்தான் இந்தப் புத்தி வரும்.

கத்தி இறங்கவில்லை. உள்ளே துணி அடுக்கடுக்காக இருந்தது. உள்ளங்கை அளவு வெட்டவே கால் மணி நேரம் ஆனது. ஓரத்தை முடிந்தவரை சீவினேன். மெலிதாக வரவில்லை. வைத்து, டயரை ஏற்றி, நன்றாகக் காற்றடித்தேன். புடைப்பு மறைந்துவிட்டது. வீலைச் சுற்றிவிட்டபோது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சின்ன எகிறல் தெரிந்தது. அது என் கண்ணுக்குப் பட்டது. பார்க்காத மாதிரி இருந்தேன்.

"ஓட ஓடப் படிஞ்சிடும்" என்றேன். தனபால் கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை இரவு பாய் ஊர் திரும்பினார். மறுநாள் காலையில், தனபாலுக்கு ஒட்டிக் கொடுத்ததை மட்டும் சொன்னேன். "லோடு வண்டிக்கா?" என்றார். "தாங்கும் பாய்" என்றேன். என்ன துண்டு வைத்தேன் என்று சொல்லவில்லை. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் தனபால் ஐந்தரைக்குப் பால் ஊற்றிவிட்டுக் கடைப்பக்கம் கையை ஆட்டிக்கொண்டு போனார். திங்கட்கிழமை மதியம் வந்த சரக்கில் அவர் டயரும் இருந்தது. கூப்பிட்டு மாட்டியிருக்கலாம். நிற்கிறதே, இன்னும் நாலு நாள் ஓடட்டும் என்று விட்டேன். என் கைவேலைமேல் எனக்கு அவ்வளவு ஆசை.

வியாழக்கிழமை விடியற்காலை, டவுன்ஷிப் தாண்டிய இறக்கத்தில் டியூப் வெடித்தது. இரண்டு கேனோடும் தனபால் ரோட்டில் விழுந்தார். இடது மணிக்கட்டு முறிந்தது. மெஸ்ஸில் வேலை பார்த்த ஆள் ஒருவர் அந்த வழியாக வந்து அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, சைக்கிளை எங்கள் கடையில் கொண்டுவந்து விட்டார். கேனில் ஒட்டியிருந்த பாலில் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது.

பாய் என்னைத் தொட விடவில்லை. அவரே டயரைக் கழற்றினார். துண்டை எடுத்து வெளியே வைத்தார். டியூபில் அந்தத் துண்டின் ஓரம் இருந்த இடத்தில் பிறை மாதிரி ஒரு வெட்டு. ஒவ்வொரு சுற்றுக்கும் உரசி உரசி அறுத்திருந்தது. என் கையைப் பிடித்து விரலை அந்த வெட்டில் வைத்தார்.

"என்ன படுது?"

விரலை இழுத்துக்கொண்டேன்.

"உன் சைக்கிள்ல என்ன டயரு போட்டுகினு இருக்க?" என்றார்.

பொங்கலுக்குத்தான் புதிதாக மாற்றியிருந்தேன். அதே அளவு, நல்ல கனமான டயர். சனிக்கிழமை சாயங்காலம் என் சைக்கிள் கடை வாசலில்தான் நின்றது.

"அதக் கழட்டி இவனுக்கு மாட்டிட்டு, நீ ரெண்டு நாளு நடந்து வந்துருக்கலாம். பெல்ட்டு தெரிஞ்சிது ஒனக்கு, ஒன் டயரு தெரியல."

அதற்குமேல் அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கி மெஸ்ஸுக்கு பாலு யாரு எடுத்தாறது?" என்று மட்டும் கேட்டார். மெஸ்காரரிடம் அவரே போய்ப் பேசி, நாளையிலிருந்து நேரத்துக்குப் பால் வரும் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

மறுநாளிலிருந்து நான்தான் எடுத்துவந்தேன். விடிவதற்கு வெகுநேரம் முன்பே கிளம்பி டவுன்ஷிப்பைக் குறுக்கே கடந்து வடக்குத்துக்குப் போவேன். அஞ்சலை கறந்து வைத்திருப்பார். என் சைக்கிளில் கேனை மாட்டிக்கொண்டு, இரண்டு பிளாக்குக்கும் ஊற்றிவிட்டு, ஐந்தரைக்கு மெஸ். அப்புறம் கடை. ஐந்து வாரம் ஒரு நாள் தவறவில்லை. முதல் வாரக் கடைசியிலேயே மெஸ்காரர், பால் தொடரட்டும் என்று சொல்லிவிட்டார். சினைமாடு தொழுவத்திலேயே நின்றது.

கஷ்டம் சைக்கிள் மிதிப்பதில் இல்லை. தனபால் மாவுக்கட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு தினமும் வாசலுக்கு வந்து நிற்பார். "என் கூடப் பொறந்தவன்கூட இப்டிப் பண்ணமாட்டான்" என்பார். பிளாக்கில் பால் வாங்கும் அம்மாக்களிடமெல்லாம் என்னைப் பற்றிச் சொல்லி அனுப்பியிருந்தார். நான் மணி அடித்தால் கதவைத் திறந்து, "நீங்கதானா அந்த லூர்து, நல்லாருக்கணும்ப்பா" என்பார்கள். டியூப் வெடித்ததற்குக் காரணம் தான் அளவுக்கு மீறி ஏற்றியதுதான் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு நாளும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போவேன். கேனை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். பாயிடம் கேட்டேன். "சொல்றது சொல்லாதது ஒன் பாடு. நான் பாத்தது டயர மட்டும்தான்" என்றார்.

ஐந்தாவது வாரம் மாடு கன்று போட்டது. கிடாரிக் கன்று. அதற்கு இரண்டு நாள் கழித்து நான் போனபோது அஞ்சலை ஒரு கிண்ணத்தை நீட்டினார். சீம்பால் காய்ச்சி, வெல்லமும் ஏலக்காயும் போட்டுத் திரட்டியிருந்தார்.

"சொந்தக்காரங்களுக்குக்கூட இன்னும் குடுக்கலண்ணே. மொதல்ல ஒங்களுக்குத்தான்னு எடுத்து வச்சேன். இந்த மாடு வூட்ல நிக்கறது ஒங்களாலதான்."

ஒரு வாய் எடுத்து வைத்தேன். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். பெல்ட் துண்டு, சீவ வராத ஓரம், எகிறினது தெரிந்தும் அனுப்பினது, திங்கட்கிழமை சரக்கு வந்தும் கூப்பிடாதது, எல்லாவற்றையும் சொன்னேன்.

தனபால் மாவுக்கட்டைத் தடவிப் பார்த்தார். அப்புறம், "கை ஒடஞ்சதுகூட போவுது லூர்து" என்றார். "ஒதவத்தான் செஞ்ச. ஆனா அஞ்சு வாரமா ஒன்ன ஊரெல்லாம் தூக்கி வச்சிப் பேசிகினு இருந்தேனே, கேட்டுகினுதான இருந்த? எந்திரிச்சிப் போ."

எழுந்தேன். அஞ்சலை குறுக்கே வந்தார்.

"மொதல்ல சாப்புடட்டும். அப்பறம் திட்டு. கிண்ணத்துல கை வச்ச மனுசன எழுப்பாத."

அஞ்சலை முன்னால் உட்கார்ந்து முழுக்கச் சாப்பிட்டேன். தனபால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அன்றைக்கும் பாலை நான்தான் எடுத்துப்போனேன். மறுநாள் போனபோது அவருடைய மைத்துனர் கேனை மாட்டிக்கொண்டிருந்தார். "இனிமே நீங்க வரவேணாம்னு அவரு சொல்லச் சொன்னாருங்க" என்றார்.

கட்டுப் பிரித்த பிறகு தனபாலே பால் ஊற்ற வந்தார். தினமும் எங்கள் கடையைத் தாண்டித்தான் மெஸ்ஸுக்குப் போக வேண்டும். கடை பக்கம் தலை திரும்பாது. வடக்குத்தில் வேறு கடையில் டயர் மாற்றிக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். நியாயம்தான் என்று மனசுக்குத் தெரிந்தாலும், காலையில் அந்த ஐந்தரை மணி மட்டும் எனக்கு வராமல் இருந்தால் தேவலை என்று இருக்கும்.

அந்த மாதங்களில் இன்னொரு கோளாறும் பிடித்தது. எந்த டயர் வந்தாலும் மாற்றிவிடுங்கள் என்று சொல்ல ஆரம்பித்தேன். நூலில் ஒரு கீறல் தெரிந்தால் போதும், மாற்றுங்கள் என்பேன். இன்னும் ஒரு வருடம் ஓடக்கூடிய டயரையெல்லாம் கழற்றிப் போட்டேன். ஒரு நாள் பாய் அப்படி ஒரு டயரைக் குப்பையிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார். "அன்னிக்கி ஆசையில ஒட்டின. இன்னிக்கி பயத்துல மாத்தற. ரெண்டுலயும் நீ டயரப் பாக்கல. எவன் வயித்துலயோ அடிச்சி நீ நிம்மதியா தூங்கப் பாக்கற."

செந்தில், சுவரில் ஏதாவது ஒட்டியே ஆக வேண்டும் என்றால் இதை ஒட்டுங்கள். நான் சொல்வதைவிடப் பாய் சொன்னது குறைவான இடம் பிடிக்கும்.

ஐப்பசி மழையில் ஒரு காலை, தனபால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து கடை முன் நின்றார். கேன் இரண்டிலும் பால். பின்சக்கரம் தரையோடு அமுங்கியிருந்தது. வழியில் வேறு கடை எதுவும் திறந்திருக்கவில்லை, அதனால்தான் வந்திருப்பார் என்று நினைத்தேன். பாய் ஒரு முறை அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேப்பரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்றைய பேப்பர் இன்னும் வந்திருக்கவில்லை. நேற்றையதைத்தான் எடுத்துப்போனார்.

"எங்க போற, என்ன ஏத்தற?" என்று கேட்டேன். தெரிந்த பதில்தான். கேட்காமல் தொட எனக்குத் தைரியம் இல்லை.

"மெஸ்ஸுக்கு. பாலு" என்றார்.

டயரைக் கழற்றி விரலை விட்டு ஒரு சுற்று தடவினேன். ஆணி ஒன்று குத்தி இறங்கியிருந்தது. பிடுங்கினேன். மறுபடி ஒரு சுற்று, திரும்ப ஒரு சுற்று. நூல் ஒன்றும் அறுபடவில்லை. நல்ல டயர். மாற்றிவிடு என்று சொல்ல நாக்கு துடித்தது. புது டயர் போட்டு அனுப்பினால் எனக்கு நிம்மதி. கடையில் டயரும் இருந்தது. ஆனால் அந்த டயருக்கு ஒன்றும் ஆகவில்லை.

"ஒட்டினா போதும்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன்.

அவர் கேனை இறக்கி ஓரமாக வைத்தார். எங்கள் தொழிலில் ஒன்று உண்டு. மெக்கானிக்கை நம்பாதவர்கள் தொட்டிப் பக்கத்திலேயே நின்று கையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். தனபாலும் நிற்கப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் தலையில் இருந்த துண்டை எடுத்துப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டார்.

"டீ சாப்ட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு, ரோட்டைக் கடந்து எதிர்க் கடைக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

டியூபைத் தொட்டியில் அமுக்கினேன். ஒரு சுற்று முழுக்கப் பார்த்தும் குமிழி தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டிருந்தால் எப்படித் தெரியும். பாய் உள்ளேயிருந்து வந்து என் பின்னால் நின்று குனிந்து பார்த்தார்.

"ஒங் கைக்குக் கீழதான் வருது, பாரு" என்றார்.